அணை நீருக்குள் டெர்வென்ட்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், டெர்வென்ட் ஆறு இறங்கிவரும் பள்ளத்தாக்கில் முன்பு இரண்டு சிற்றூர்கள் இருந்தன. மேலே டெர்வென்ட். அதற்குத் தெற்கே, ஆஷப் ஆறு வந்து கலக்கும் இடத்தருகே ஆஷப்டன். ஆடு வளர்ப்புதான் பிழைப்பு. டெர்வென்டில் ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், 17ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று. ஆஷப்டனில் வழிப்போக்கர் விடுதியும் மெதடிஸ்ட் சிற்றாலயமும்.

ஷெஃபீல்டு, டெர்பி, நாட்டிங்காம், லெஸ்டர் ஆகிய தொழில் நகரங்கள் பெருத்தபோது அவற்றுக்குக் குடிநீர் போதவில்லை. குறுகலான, மழை மிகுந்த இந்தப் பள்ளத்தாக்கு அணை கட்டத் தோதாக அமைந்தது. 1899இல் சட்டம் இயற்றப்பட்டது. 1901இல் வேலை தொடங்கி, ஹவ்டன், டெர்வென்ட் என்ற இரு கல்லணைகள் 1916க்குள் எழுந்தன. வேலையாட்களுக்காகத் தகர வீடுகளால் பர்ச்சின்லீ என்ற ஊரே உருவானது. பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம் எல்லாம் அங்கே இருந்தன. மக்கள் அதைத் 'தகர ஊர்' என்றார்கள். வேலை முடிந்ததும் ஊரைப் பிரித்து எடுத்துவிட்டார்கள்.

அந்த இரண்டு அணைகளும் டெர்வென்ட் ஊருக்கு மேலே இருந்ததால் ஊர் தப்பியது. ஆனால் நகரங்களின் தாகம் அடங்கவில்லை. 1935இல், இரண்டு ஊர்களுக்கும் கீழே லேடிபவர் அணைக்கு வேலை தொடங்கியது. இம்முறை தப்ப வழியில்லை. குடும்பங்கள் பலவற்றுக்கு அணைக்குக் கீழே யார்க்‌ஷயர் பிரிட்ஜ் என்ற இடத்தில் புது வீடுகள் கட்டித் தரப்பட்டன. இறந்தவர்களையும் விட்டுவிட்டுப் போக முடியாதே! டெர்வென்ட் தேவாலயத்துக் கல்லறைகளைத் தோண்டி, உடல்களைப் பக்கத்து ஊரான பாம்ஃபோர்டில் மீண்டும் அடக்கம் செய்தார்கள். தேவாலய மணி டெர்பி நகரின் வேறொரு தேவாலயத்துக்குப் போனது. பொதி குதிரைகள் ஆற்றைக் கடந்த பழைய கற்பாலத்தைப் பிரித்து, கல்லுக்குக் கல் எண் எழுதிப் பத்திரப்படுத்தினார்கள். அது பள்ளத்தாக்கின் மேல்பகுதியில், ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் 1959இல் மறுபடி எழுந்தது. ஓர் ஊரின் உடைமைகளில் உருக்குலையாமல் ஆற்றின் மேலேயே மீண்டும் நிற்கும் பேறு அந்தப் பாலத்துக்கு மட்டுமே வாய்த்தது.

1943 மார்ச்சில் டெர்வென்ட் தேவாலயத்தில் கடைசி வழிபாடு நடந்தது. அதே மாதம் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. 1945 செப்டம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அணையைத் திறந்துவைத்தார். ஊரின் நினைவாகத் தேவாலயக் கோபுரத்தை மட்டும் இடிக்காமல் விட்டிருந்தார்கள். நீர்மட்டத்துக்கு மேலே அதன் கூர்முனை தனியே நின்றது. 1947 டிசம்பரில், பாதுகாப்புக் காரணத்தால் அதையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

1976, 1995, 2018, 2022 போன்ற வறண்ட ஆண்டுகளில் நீர் வற்றும்போது டெர்வென்டின் சுவர்களும் அடித்தளங்களும் சேற்றிலிருந்து தலைகாட்டுகின்றன. அவற்றைப் பார்க்க மக்கள் திரளாக வருகிறார்கள். ஆஷப்டன் வண்டலின் அடியில் புதைந்துவிட்டது. எந்த வறட்சியிலும் அது கண்ணுக்குத் தென்படுவதில்லை.