கெட்டிமேளமும் ஒலிப்பதிவும்

லில்லெஸ்ட்ரோமில் கலியாணம் வைப்பவர்கள் எந்த மேளப் பதிவைப் போடலாமென்று கேட்பதுண்டு. தொழிற்சாலைக்கு வந்த பின்னும் என்னை விட்டுப் போகாத வாத்தியார் வேலை இது.

மல்லாரி சுவாமி புறப்பாட்டுக்குரியது. மாப்பிள்ளை அழைப்புக்கு வேண்டாம். கெட்டிமேளத்தைத் தனியாக வைத்திருங்கள். ஐயர் கைகாட்டியதும் மேளகாரர் ராகத்தை இடையில் விட்டு மாறுவார், பதிவு மாறாது. பொத்தானருகே ஒருவர் ஐயரையே பார்த்தபடி இருக்கவேண்டும்.

அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் 1975இல் மறைந்த தட்சணாமூர்த்தியின் தவிலையும் நம் பண்பாடென்று ஒலிக்கவிடுகிறோம். அந்தப் பண்பாட்டைக் காத்த மேளகாரரை ஊரில் சாதி பார்த்து ஒதுக்கியதும் நாம்தான். ஒலிப்பதிவு அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைத்திருக்கிறது: இசை வருகிறது, வாசித்தவருக்கு எந்தப் பந்தியில் இலை போடுவதென்ற கேள்வி வருவதில்லை. கேள்வி வராததால் வழக்கம் ஒழிந்துவிட்டதென்று கொள்ளலாமா?