உங்களுக்குத் தெரியுமா? கொரியாப் பையனும் நம்ம ஊர் வாழைத்தாரும்

துபாய், மஸ்கட், மும்பை, அதுவும் இல்லையென்றால் சென்னையில் ஒரு அண்ணாச்சி கடை. திசையன்விளையில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் வெளியே போன பிள்ளை ஒன்று இருக்கும். போன இடத்தில் காலூன்றுவது எப்படி என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். ஆனால் விசாவிலேயே 'விடுமுறை' என்று எழுதி வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை நாம் அவ்வளவாகப் பார்த்ததில்லை. தென்கொரியாவில் அது வருஷா வருஷம் நடக்கிற சங்கதி.

●

'ஒர்க்கிங் ஹாலிடே' என்று முழுசாகச் சொல்லக் கொரியப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது. 'வோஹோல்' என்று சுருக்கிவிட்டார்கள். பொதுவாக 18 முதல் 30 வயது வரை இருக்கிறவர் ஒரு வருஷம் அந்நிய நாட்டில் தங்கி ஊர் சுற்றலாம். கைச்செலவுக்கு வேலையும் பார்க்கலாம். ஆஸ்திரேலியா இந்த விசாவை 1975-ல் தொடங்கியது. கொரியா முதன்முதலில் ஒப்பந்தம் போட்டதும் ஆஸ்திரேலியாவோடுதான், 1995-ல். இன்று 20-க்கும் மேற்பட்ட நாடுகளோடு கொரியாவுக்கு இந்த ஏற்பாடு இருக்கிறது.

●

கொரிய ஆண்பிள்ளைகளுக்கு ராணுவச் சேவை கட்டாயம். தரைப்படை என்றால் 18 மாதம். அதை முடித்த கையோடு, கல்லூரிக்குத் திரும்பும் முன் கிடைக்கும் இடைவெளியில் பலர் கிளம்புகிறார்கள். ஆக, விமானம் ஏறும்போது வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று. இந்த இருபத்துமூன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

●

ஆஸ்திரேலியாவில் விளையும் வாழையில் பெரும்பங்கு வடக்கு குயின்ஸ்லாந்தில் டல்லி, இன்னிஸ்ஃபெயில் என்ற இரண்டு ஊர்களைச் சுற்றித்தான். டல்லியில் 7.9 மீட்டர் உயரத்துக்கு ஒரு ரப்பர் பூட்ஸைச் சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். 1950-ல் அந்த ஊரில் ஒரே வருஷத்தில் பெய்த மழையின் உயரம் அது! தேரிமணலில் ஒரு தூறலுக்கு வானம் பார்க்கிற நாம் நம்பத்தான் வேண்டும்.

அங்கே போகிற வோஹோல் பையனுக்குப் பெரும்பாலும் கிடைக்கிற வேலை தார் சுமப்பது. ஒருவர் மரத்தின் நடுவில் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவார். மரம் மெள்ளச் சாயும். பிளாஸ்டிக் உறை மாட்டிய தார் அப்படியே இறங்கி, கீழே தயாராக நிற்கிறவர் தோளில் உட்காரும். இன்னொரு வெட்டில் காம்பு அறுபடும். சேற்றுக்குள் நடந்து டிரெய்லரில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரு தார் 40 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. உறைக்குள்ளிருந்து தவளை துள்ளிக் கழுத்தில் விழுவது உபரி. முதல் வாரம் தோள் சிவக்கும், இரண்டாம் வாரம் வீங்கும், மூன்றாம் வாரம் மரத்துப்போகும்.

வாழை விளையும் களக்காடு, ஏர்வாடிப் பக்கம் போய் இதைச் சொல்லிப்பாருங்கள். "இதுக்காவே பிளேன் ஏறிப் போறான்?" என்று கேட்பார்கள். சும்மாடு கட்டிக்கொள்ளச் சொல்லித்தரவும் செய்வார்கள்.

●

அவ்வளவு கஷ்டப்பட்டுத் தோட்டத்துக்கு ஏன் போக வேண்டும், நகரத்தில் காபிக்கடை வேலை இல்லையா? இருக்கிறது. ஆனால் இரண்டாம் வருஷ விசா வேண்டுமென்றால் நகரத்துக்கு வெளியே, அரசு குறிப்பிட்ட வேலைகளில் 88 நாள் கணக்குக் காட்ட வேண்டும். வாழைத் தோட்டம், ஸ்ட்ராபெரித் தோட்டம், இறைச்சிக்கூடம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஒவ்வொரு நாளுக்கும் சம்பளச்சீட்டு ஆதாரம். மழை பெய்து வேலை நின்றால் அந்த நாள் கணக்கில் வராமல் போய்விடுமோ என்கிற பயம் வேறு. மூன்று மாத காலத்தைச் சுவரில் கோடு போட்டு எண்ணுகிறவர்களும் உண்டு.

●

ஸ்ட்ராபெரி பறிக்கிறவருக்குப் பறித்த எடைக்குக் கூலி என்பதுதான் நெடுநாள் வழக்கமாக இருந்தது. கை பழகாத புதுப்பிள்ளை நாள் முழுக்கக் குனிந்தும் சாப்பாட்டுக் காசுகூடத் தேறாது. 2022 ஏப்ரல் 28 முதல் சட்டம் மாறியது. எடைக்கூலி ஆனாலும் மணிக்கணக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. உள்ளூர்க்காரன், வெளிநாட்டான் என்ற பேதம் இந்தச் சட்டத்தில் இல்லை. குறைத்துக் கொடுத்து ஏமாற்றுகிறவர்களில் சொந்த மொழி பேசும் முதலாளிகளும் இருக்கிறார்கள் என்று கொரியப் பிள்ளைகள் குமுறுவது தனிக் கதை. 'நம்ம ஆளு' என்ற சொல்லுக்கு எல்லா நாட்டிலும் இரண்டு விலை.

●

கொரிய ஆண் தன் அண்ணனை 'ஹ்யோங்' என்பான். பெண் தன் அண்ணனை 'ஓப்பா' என்பாள். அக்காவுக்கும் அப்படியே: ஆண் கூப்பிட்டால் 'நூனா', பெண் கூப்பிட்டால் 'ஒன்னி'. ஒரு வயது கூடியவரைக்கூட வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக்குறைவு. இப்படி வளர்ந்த பிள்ளை ஆஸ்திரேலியத் தோட்டத்தில் அறுபது வயது முதலாளியை 'டேவ்' என்று கூப்பிட வேண்டும். ஆங்கில இலக்கணத்தைவிட அதுதான் நாக்கில் வராது. அண்ணாச்சி என்றும் மைனி என்றும் பழகிய நெல்லைக்காரருக்கு இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை.

●

2023 ஜூன் 28 அன்று கொரியர்கள் எல்லோருக்கும் ஒன்றிரண்டு வயது குறைந்தது! அதுவரை அங்கே குழந்தை பிறக்கும்போதே ஒரு வயது. ஜனவரி 1 வந்தால் ஊருக்கே ஒரு வயது கூடும். அன்றைக்கு வந்த சட்டம் பெரும்பாலான அரசுக் காரியங்களுக்கு உலகக் கணக்கையே வயதாக்கியது. விசா விண்ணப்பத்துக்கு எப்போதும் பாஸ்போர்ட் வயதுதான். 'வீட்டுக் கணக்கில் 32, விசாக் கணக்கில் 30' என்று தப்பித்தவர்கள் உண்டு.

●

அப்பாவுக்குக் கொரிய மொழியிலும் 'அப்பா'. அம்மா, 'ஓம்மா'. நான் என்பதற்கு 'நா'. புல்லுக்குப் 'புல்'. 'வா' என்று கூப்பிட்டால் கொரியனும் வருவான். 'நான் சோறு தின்றேன்' என்பதில் எந்த வரிசையில் சொல் நிற்கிறதோ அதே வரிசைதான் அங்கேயும், வினை கடைசியில். "சாப்பிட்டியா?" என்பதே அவர்களுக்கும் நலம் விசாரிப்பு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு இரண்டும் ஒருதாய்ப் பிள்ளைகள் என்று முடிவுகட்டிவிட முடியுமா? இன்றைய மொழியியலார் ஒப்புக்கொள்வதில்லை. அம்மா, அப்பா எல்லாம் உலகம் பூராவும் குழந்தை வாயில் தானாக வருகிற ஒலிகள். வினை கடைசியில் வரும் மொழிகளும் ஏராளம்.

ஆனால் அப்படி முடிவுகட்டப் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர் கையில் வைத்திருந்த புத்தகம் நம் பக்கத்து ஊர்க்காரருடையது.

●

திசையன்விளையில் இடையன்குடிக்குப் பஸ் ஏறினால் உட்கார்ந்து சாய்வதற்குள் ஊர் வந்துவிடும். ராபர்ட் கால்டுவெல் வாழ்ந்த ஊர். அயர்லாந்தில் 1814-ல் பிறந்தவர். 1838 ஜனவரியில் சென்னையில் கப்பலைவிட்டு இறங்கியபோது வயது, ஆமாம், இருபத்துமூன்று. சென்னையில் மூன்று வருஷம் இருந்து தமிழ் படித்துவிட்டு, 1841-ல் தெற்கே நடந்தே கிளம்பினார். நேர்ப்பாதையும் இல்லை, தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு வந்தார். சனங்களையும் பேச்சையும் தெரிந்துகொள்ள நடப்பதே வழி என்று நினைத்திருக்கிறார்.

1844-ல் எலிசா மால்ட்டைக் கல்யாணம் செய்தார். நாகர்கோவில் மிஷனரியின் மகள் என்பதால் அந்த அம்மாளுக்குப் பேச்சுத்தமிழ் தண்ணீர்பட்ட பாடு. இடையன்குடிப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்ததும் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' 1856-ல் வெளிவந்தது. 1847-ல் தொடங்கிய இடையன்குடி திரித்துவ ஆலயம் 1880-ல்தான் பிரதிஷ்டை ஆனது. 33 வருஷ வேலை. அவர் செய்தது எல்லாம் மெச்சும்படி இருந்தது என்றும் இல்லை. 1849-ல் நாடார்களைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் இந்த மண்ணில் கிளப்பிய கோபம் பல பத்தாண்டுகள் ஆறவில்லை.

இனி கொரியாப் பக்கம். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1886-ல் கொரிய அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க சியோலில் வந்து இறங்கினார். அவருக்கும் இருபத்துமூன்று! சொல்லிக்கொடுக்கப் போனவர் கொரிய மொழியைக் கற்று, அந்த எழுத்திலேயே உலகப் புவியியல் பாடநூல் எழுதினார். 1905-ல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு அவர் வெளியிட்ட நூலுக்குத் திராவிடப் பக்கச் சான்றுகளைத் தந்தது கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம். இடையன்குடி வெக்கையில் உட்கார்ந்து எழுதியதை, சியோல் குளிரில் ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார். முடிவு தப்பாகப் போனாலும், எனக்கென்னவோ இந்தக் காட்சி பிடித்திருக்கிறது.

கால்டுவெல் 1891-ல் கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். ஹல்பர்ட் 1949-ல் சியோலில் இறந்து அங்கேயே அடக்கமானார்.

●

கி.பி. 48-ல் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி 'அயுத' நாட்டிலிருந்து கப்பலேறிப் போய்க் கொரியாவின் கயா அரசன் சுரோவை மணந்தாள் என்கிறது 'சம்குக் யூசா' என்ற பழைய நூல். பெயர் ஹோ ஹ்வாங்-ஓக். அயுத என்பது அயோத்தி என்று ஒரு சாரார். ஆய் நாடு, அதாவது நம்ம கன்னியாகுமரிப் பக்கம் என்று ஒரு சாரார். உவரிக் கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டாவதை நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நூல் எழுதப்பட்டது 13-ஆம் நூற்றாண்டில், சம்பவம் நடந்ததாகச் சொல்லி 1,200 வருஷம் கழித்து.

●

கொரியாவுக்கே வேலைக்குப் போக வேண்டுமா? அந்த நாடு 2004 முதல் நடத்தும் தொழிலாளர் திட்டத்தில் இலங்கை இருக்கிறது, இந்தியா இல்லை. அதனால்தான் இலங்கையில் கொரிய மொழித் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்கள் அதிகம்.

●

இந்தியப் பிள்ளைகளுக்கும் ஆஸ்திரேலிய 'ஒர்க்கிங் ஹாலிடே' கதவு 2024-ல் திறந்தது. ஆனால் கொரியனுக்கு இருக்கிற மாதிரி அகலமாக இல்லை. கொரியருக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, ஆங்கிலத் தேர்வு கிடையாது. நமக்கு வருஷத்துக்கு 1,000 இடம், அதற்கும் குலுக்கல். 25 டாலர் கட்டி, பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் காட்டிப் பெயர் பதிய வேண்டும். பேர் விழுந்த பிறகு ஆங்கிலத் திறமை, பள்ளிக்கு மேல் இரண்டு வருஷப் படிப்பு, கையில் பணம் எல்லாம் காட்ட வேண்டும். 2024 அக்டோபரில் நடந்த முதல் பதிவில், இரண்டு வாரத்துக்குள்ளேயே சுமார் 40,000 பேர் வந்து நின்றார்கள். பிரிட்டனிலும் இதுபோல இந்திய இளைஞர்களுக்கு 3,000 இடம், இரண்டு வருஷம், 2023 முதல்.

●

ஆஸ்திரேலியாவில் 131 450 என்ற எண்ணைச் சுழற்றினால் மொழிபெயர்ப்பாளர் லைனில் வருவார். கொரியன் உண்டு, தமிழும் உண்டு.

●

அண்ணாச்சி கடையில் சேர்ந்த பையனுக்கு மாதச் சம்பளத்தைக் கையில் தராமல் கணக்கில் வைத்திருந்து, ஊருக்குப் போகும்போது மொத்தமாகக் கொடுப்பது பழைய வழக்கம். ஆஸ்திரேலியாவிலும் அதுபோல ஒன்று உண்டு. சம்பளத்துக்கு மேல் 12 சதவீதத்தை முதலாளி ஓய்வுநிதியில் போட வேண்டும். நாட்டைவிட்டுக் கிளம்பி, விசாவும் முடிந்த பிறகு அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் ஒர்க்கிங் ஹாலிடேக்காரர் கேட்டால் 65 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். 100 டாலருக்கு 35. அதையும் கேட்காமல் விட்டால் ஆறு மாதம் கழித்து வரி அலுவலகத்துக்குப் போய்விடும். அங்கிருந்தும் வாங்கலாம், படிவம் ஆன்லைனில், கட்டணம் இல்லை.