ஹெட்செட் வாங்கப் போறீங்களா? முதல்ல வால்யூம் பட்டனைப் பாருங்க!

சம்பளம் வந்த வாரத்துல வயர்லெஸ் ஹெட்செட் தேடும்போது பேஸ், பேட்டரி, ஆஃபர் இந்த மூணையும்தான் பார்ப்போம். தினமும் அதிகமா தொடப்போற வால்யூம் பட்டனை யாரும் பார்க்கறதில்ல.

ஆவடியில ஏறி சென்ட்ரல் போற லோக்கல் ட்ரெயினை எடுத்துக்கோங்க. ஒரு கை கைப்பிடியில, இன்னொரு கை பையில, போன் பாக்கெட்டுல. ட்ரெயின் வேகம் எடுத்ததும் பாட்டு கேட்கலன்னு சத்தத்தை ஏத்துவீங்க. அம்பத்தூர்ல நின்னதும் அதே சத்தம் காதைக் குத்தும். சட்டுனு குறைக்க வழியில்லன்னா அப்படியே விட்டுடுவோம். இதுலதான் பிரச்சினையே. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல்னா வாரத்துக்கு 4 மணி நேரம்தான். போக ஒரு மணி, வர ஒரு மணின்னு அஞ்சு நாள் போனாலே 10 மணி நேரம் ஆயிடுது.

அதனால என் ஓட்டு, தனித்தனி பட்டன் இருக்கற நெக்பேண்டுக்குத்தான். பார்க்க பழைய ஃபேஷன்தான், பரவாயில்ல. பிளஸ், மைனஸ் ரெண்டும் மேடா இருந்தா பார்க்காமலே விரல் கண்டுபிடிச்சிடும். டச் இயர்பட்ஸ்ல வியர்வை பட்டாலே தகராறு, சில மாடல்ல வால்யூமுக்கு டச்சே கிடையாது. விலை அதிகம்னா இந்த வசதி இருக்கும்னும் நினைக்காதீங்க. ஏர்பாட்ஸ் ப்ரோவுலயே 2022-ல வந்த ரெண்டாவது தலைமுறையிலதான் தண்டைத் தடவி வால்யூம் மாத்தற வசதி வந்துச்சு.

கடையில பாட்டு மட்டும் போட்டுப் பார்த்துட்டு வந்துடாதீங்க. ப்ளூடூத்துல பாட்டும் காலும் வேற வேற வழியில போகுது, போனும் ரெண்டுக்கும் தனித்தனி வால்யூம் வெச்சிருக்கும். பாட்டு கணீர்னு கேட்கும், மேனேஜர் பேசினா கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்ல நாள் முழுக்க கால்லயே இருக்கறவங்களுக்கு இது வேலை விஷயம். கடை வாசல்ல, பஸ் போற சத்தத்துல நின்னு ஃப்ரெண்டுக்கு ஒரு கால் போடுங்க. பேசிட்டே பட்டனை அழுத்துங்க. நிறைய மாடல்ல பிளஸ்ஸை கொஞ்சம் நேரம் பிடிச்சா சத்தம் கூடாது, அடுத்த பாட்டு போயிடும். அதையும் பார்த்துக்கோங்க.

இப்போ காசு. பட்டன் இருக்கற நெக்பேண்ட் 1,500 ரூபாய்க்குள்ளயே கிடைக்குது. ரெண்டு வருஷம் உழைச்சா மாசத்துக்கு சுமார் 62 ரூபாய். 6,000 ரூபாய் இயர்பட்ஸை ஆறு மாச 'நோ காஸ்ட்' இஎம்ஐ-ல எடுத்தா? வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியா கழிச்சிடுவார், ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி நீங்கதான் கட்டணும். 16% வட்டின்னா அதுவே சுமார் 50 ரூபாய். ப்ராசஸிங் ஃபீஸ் 199-ன்னா வரியோட 235. ஆக, 'நோ காஸ்ட்'டோட காஸ்ட் 285 ரூபாய்!

பெட்டியில பிஐஎஸ் முத்திரை இருக்கான்னு பாருங்க, ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்க. பில் இல்லாம வாரண்டிக்கு அலையறது பெரும்பாடு. ஆன்லைன்னா ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள ஒரு நாள் ட்ரெயின்ல, ஒரு நாள் ஆபீஸ் கால்ல போட்டுப் பார்த்துடுங்க. பூந்தமல்லி ரோட்டுல பைக் ஓட்டும்போது மட்டும் சோதனை வேண்டாம், அது பைக்குள்ளயே இருக்கட்டும்.