38 கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். தங்கை மகன் மொபைலை நீட்டினான். நார்வேயின் வடகோடியில் கிர்கெனெஸ், வாட்சோ என்று இரண்டு குட்டி விமான நிலையங்கள். நேர்க்கோட்டில் தூரம் சுமார் 38 கிலோமீட்டர். பறக்கும் நேரம் அரைமணிக்கு மேல் என்கிறது ஏதோ ஒரு இணையக் கணிப்பான். “நம்ம பைபாஸ் பஸ்ஸே இந்த வேகத்துல போகுமே மாமா?”

முதலில் தூரம். அடுக்களையிலிருந்து பறங்கிக்காயை எடுத்துவந்தேன். அதன் மேலிருந்து கீழாக ஓடும் வரிகள்தான் தீர்க்கரேகைகள். வயிற்றுப் பக்கம் வரிக்கு வரி மூன்று விரல் இடைவெளி. காம்பை நெருங்கினால் ஒரு விரல்கூட நுழையாது. பூமியும் அப்படித்தான். ஒரு பாகை தீர்க்கரேகை என்பது நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டர், சென்னையில் 108, இந்த ஊர்கள் இருக்கும் 70 பாகை வடக்கில் வெறும் 38. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தட்டைப் படம் இந்தச் சுருக்கத்தைக் காட்டுவதில்லை. வடக்கை இழுத்துப் பெரிதாக்கிவிடும். ஸ்கேல் வைத்து அளந்தால் ஏமாந்தோம். அட்சரேகை பரவாயில்லை, எங்கே போனாலும் பாகைக்கு ஏறத்தாழ 111. இவ்விரு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், மூன்றில் ஒரு பாகைக்குச் சற்றே கூடுதலாகத் தள்ளி இருக்கின்றன. ஆக, 38 சரிதான்.

ஆனால் நடுவில் வரங்கர் ஃபியோர்டு கிடக்கிறது, நிலத்துக்குள் நீண்ட கடல் நாக்கு. காரில் போகிறவர் அதன் முனைவரை மேற்கே ஓடித் திரும்ப வேண்டும்: சுமார் 170 கிலோமீட்டர். அங்கே விமானம் ஆடம்பரமில்லை, டவுன் பஸ்.

இனி நேரம். விடரோ நிறுவனம் அந்தப் பக்கம் ஓட்டும் டேஷ் 8 சிறிய விமானம், 39 இருக்கை. நல்ல உயரத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். வகுத்தால் நாலரை நிமிடம் வருகிறது. அந்த வேகத்தை எட்டினால்தானே? ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கவேண்டும். போகிற வழி வடக்கு தெற்கு. வாட்சோவின் ஓடுபாதையோ ஏறத்தாழ கிழக்கு மேற்கு. எதிர்காற்றில்தான் ஏறுவார்கள், இறங்குவார்கள். ஆகவே காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பார்த்து வளைந்து வரவேண்டும். இரு முனையிலும் தரையில் ஊர்வது வேறு; அட்டவணை நேரம் சக்கரம் அசைந்தது முதல் நிற்கும்வரை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாலே மினிமம் சார்ஜ் உண்டில்லையா, அதுபோல. எல்லாம் சேர்ந்து கால்மணி நேரம் போல ஆகும்.

கணிப்பானுக்குக் காற்றும் தெரியாது, ஓடுபாதையும் தெரியாது. தூரத்தை ஏதோ ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க என்று கண்ணை மூடிக்கொண்டு அரைமணி சேர்த்துவிடுகிறது. சென்னை–டெல்லிக்கு அது பாதகமில்லை.

“இதைவிடப் பக்கத்துல இருக்கா?” என்றான். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் இருக்கிறது: வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு 2.7 கிலோமீட்டர். 1967 முதல் லோகனேர் ஓட்டுகிறது. அட்டவணையில் 2 நிமிடம். காற்று தோதாக அமைந்த ஒரு நாளில் 53 விநாடியில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

உடனே அந்த இரண்டு பெயர்களையும் கணிப்பானில் தட்டினான். அரைமணி என்றது.