மனு வராத பெண்கள்

நான் திருத்தணியில் வசிக்கும் 36 வயது குடும்பத் தலைவி. பத்தாவது வரை படித்தவள். 'ஜெயிலுக்குப் போனவள்' என்று தெரிந்தால் அந்தப் பெண் வீட்டு விசேஷத்துக்குக் கூட போகாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படிப்பட்ட பெண்கள் உள்ளே எப்படி நாளைத் தள்ளுகிறார்கள் என்பதை நம் சகோதரிகளும் தெரிந்து கொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில், மலையடிவாரத்தில் பூ விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். சொத்துத் தகராறில் நடந்த அடிதடி வழக்கில் ஏழு மாதம் விசாரணைக் கைதியாக இருந்து, பிறகு குற்றமற்றவர் என்று விடுதலையானவர். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

உள்ளே போனதும் முதலில் கேட்பது, "என்ன கேஸ்?" பெயரைக் கூட அப்புறம்தான் கேட்பார்களாம். இரண்டாவது கேள்வி, "உனக்கு மனு வருமா?" மனு என்றால் நமக்கு தாலுகா ஆபீசில் கொடுப்பது. அங்கே, சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போவதற்குப் பெயர் மனு. மனு வருகிறவளிடம் சோப்பு, பிஸ்கட், கேன்டீனுக்குப் பணம் எல்லாம் இருக்கும். மனு வராதவள் மற்றவர் துணியைத் துவைத்துக் கொடுத்து அரை சோப்பு வாங்கிக் கொள்வாள்.

அக்கா முதல் வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் உள்ளே வைத்துப் பூட்டும் நேரம்தான் மிகவும் கஷ்டமாம். "வீட்டுல விளக்கேத்தற நேரம்மா. பிள்ளைங்க சாப்பிட்டுதோ இல்லியோன்னு வயித்தைப் பிசையும். ஒருத்தி அழ ஆரம்பிச்சா அத்தனை பேரும் அழுவோம்" என்றார்.

அவரைத் தேற்றியது ஆயுள் தண்டனை பெற்ற ஒரு பாட்டி. தன் பங்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாராம். அன்று முதல் அவர் அம்மா, இன்னொருத்தி தங்கை, சின்னப் பெண் ஒருத்தி மகள் என்று ஒரு குடும்பமே ஆகிவிட்டது. நகரி பக்கத்துப் பெண்கள் சிலருக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். எங்கள் ஊரில் இரண்டு பாஷையும் சகஜம் அல்லவா? வக்கீல் என்ன சொன்னார், நர்ஸ் என்ன கேட்டார் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல அக்காவைத்தான் கூப்பிடுவார்களாம். "அப்பதான் நானும் ஒரு மனுஷின்னு தோணுச்சு" என்றார்.

ஏழு மாதத்தில் புருஷன் வந்தது ஒரே ஒரு தடவை. கூலி போய்விடும், அக்கம்பக்கம் கேவலமாகப் பேசும் என்று காரணம். ஆண்பிள்ளை உள்ளே போனால், பெண்டாட்டி தாலியை அடகு வைத்தாவது வாரா வாரம் ஓடுகிறாள். பெண் போனால் ஓட ஆளில்லை. தூரமும் ஒரு காரணம்தான். பெண் கைதிகள் குறைவு. 2022 கடைசியில் நாடு முழுவதும் 23,772 பேர். 100 கைதிகளில் 4 பேர்தான். அதனால் நம் மாநிலத்தில் பெண்களுக்கான தனிச் சிறைகள் புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை என்று ஒரு சில ஊர்களில் மட்டுமே இருக்கின்றன. இவர்களில் நான்கில் மூன்று பேர் தண்டனை பெறாதவர்கள், வழக்கு முடியக் காத்திருக்கும் விசாரணைக் கைதிகள் என்பதையும் கவனியுங்கள்.

ஆறு வயது வரை குழந்தையைத் தாய் தன்னோடு வைத்துக் கொள்ளலாம் என்று 2006ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உள்ளே குழந்தை பிறந்தால், பிறப்புச் சான்றிதழில் சிறை என்று எழுதக் கூடாது, அந்தப் பகுதியின் பெயரைத்தான் போட வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆறு வயதுக்குப் பிறகு? அங்கேதான் தாய்க்கு இரண்டாவது தண்டனை.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991ல் கைதான நளினிக்கு, கைதியாக இருக்கும்போதே 1992ல் மகள் பிறந்தாள். அந்தக் குழந்தை வெளியே உறவினரிடம் வளர்ந்தது. நளினி உள்ளே இருந்தபடியே எம்.சி.ஏ. படித்து முடித்தார். மகள் கல்யாண ஏற்பாட்டுக்காக 2019ல் பரோலில் வந்தார். 2022 நவம்பரில்தான் விடுதலையானார். வழக்கின் நியாய அநியாயம் பேச நான் வரவில்லை. முப்பது வருஷத்தைத் தாண்ட ஒரு பெண்ணுக்கு ஏதாவது பிடிமானம் வேண்டியிருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். புழலில் 2023ல் பெண் கைதிகளே வேலை செய்யும் பெட்ரோல் பங்க் திறந்தார்கள். சம்பளமும் உண்டு. அதுவும் ஒரு பிடிமானம்தான்.

"எப்படியோ பழகிடுச்சு" என்று அக்கா சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வெளியே உறவு கைவிட்டதால்தானே உள்ளே உறவு தேட வேண்டி வந்தது?

சகோதரிகளே, உங்கள் உறவிலோ தெருவிலோ ஒரு பெண் உள்ளே இருந்தால் இதைச் செய்யுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போக முடிந்தால் மனு போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். முடியாவிட்டால், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு கடிதமாவது போடுங்கள். அந்த இரண்டு வரியை வைத்துக் கொண்டு அவள் ஒரு மாதம் ஓட்டிவிடுவாள்.

- ஒரு வாசகி, திருத்தணி.