எட்டு செமஸ்டரும் ஒரு முடியாத கணக்கும்

தமிழ்நாட்டில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்குவதற்கான நிபந்தனைகளைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். கவுன்சலிங்கில் 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃபில் கணிதம் மட்டுமே 100-ஐ எடுத்துக்கொள்ளும். சேர்ந்த பிறகு எட்டு செமஸ்டர்; டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களுக்கு ஆறு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு, செமஸ்டர் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட். லேப் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. இப்படிச் சேர்த்துச் சேர்த்து ஏறக்குறைய 160 கிரெடிட் வந்தாக வேண்டும். 75 சதவீத வருகைப்பதிவு, எல்லாப் பேப்பரிலும் தேர்ச்சி, கடைசி ஆண்டில் ஒரு புராஜெக்ட், அதற்கு ஒரு வைவா. அரியர் இல்லாவிட்டால் பட்டம் கைக்கு வந்துவிடும்.

அந்தப் பேப்பர்களின் பட்டியல்தான் பலரை மிரட்டுகிறது. டிஸ்க்ரீட் மேத்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கம்பைலர் டிசைன். “கோடிங் தெரிந்தால் வேலை கிடைக்கிறது, இதெல்லாம் எதற்கு?” என்று கேட்காத வகுப்பு இருக்க முடியாது. மனித மூளை கண்டுபிடித்தவற்றில் மிக வியப்பான சில விஷயங்கள் இந்தப் பட்டியலுக்குள்தான், மூன்றாம் யூனிட், ஐந்தாம் யூனிட் என்ற தலைப்புகளின் கீழ், கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். கட்டாயப் பாடங்கள் ஏன் கட்டாயம் என்பதற்கான பதிலும் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பாடங்களின் வரிசையையே எடுத்துக்கொள்வோம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் தெரியாமல் அல்காரிதம்ஸ் படிக்க முடியாது. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனுக்கு டிஸ்க்ரீட் மேத்ஸ் முன்னால் வர வேண்டும். கம்பைலருக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனும் வேண்டும். ஒவ்வொரு பாடத்தையும் ஒரு புள்ளியாக வைத்து, எதற்கு முன் எது என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே போனால் ஒரு வலை உருவாகும். அந்த வலையிலிருந்து எட்டு செமஸ்டருக்கான வரிசையை எப்படி எடுப்பது? ஆர்தர் கான் என்பவர் 1962-இல் வெளியிட்ட வழி மிக எளிமையானது. தன்னை நோக்கி எந்த அம்பும் வராத பாடம் ஒன்றை எடு; வரிசையில் வை; அதிலிருந்து புறப்படும் அம்புகளை அழி; மறுபடி அதையே செய். எல்லாப் பாடங்களும் தீர்ந்துவிட்டால் வரிசை தயார். நடுவில் தடைபட்டு நின்றால், மீந்திருக்கும் பாடங்களுக்குள் எங்கோ ஒரு வட்டம் இருக்கிறது என்று பொருள். இதற்கு அது வேண்டும், அதற்கு இது வேண்டும் என்று சுற்றி வரும் பாடத்திட்டத்தில் யாராலும் பட்டம் வாங்கவே முடியாது. நூறு பாடங்கள் இருந்தாலும் சரி, லட்சம் இருந்தாலும் சரி, ஒவ்வொரு புள்ளியையும் அம்பையும் ஒருமுறை தொட்டால் போதும், வேலை முடிந்துவிடும்.

இனி அதே கல்லூரியில் செமஸ்டர் தேர்வு அட்டவணை போடும் அறைக்குப் போவோம். இங்கே அம்புகள் இல்லை; ஒரே ஒரு விதிதான். ஒரே மாணவர் எழுத வேண்டிய இரண்டு பேப்பர்கள் ஒரே வேளையில் வரக்கூடாது. அரியர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையைச் சிக்கலாக்குகிறார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் முதலாம் ஆண்டுக் கணிதத்தையும் எழுதப் போகிறார் என்றால், அந்த இரண்டு ஆண்டுகளின் பேப்பர்களுக்கும் இடையே அவர் ஒருவரே ஒரு புதிய தடையை உண்டாக்கிவிடுகிறார். எத்தனை குறைந்த வேளைகளில் தேர்வுகளை முடிக்கலாம் என்று சரியாகச் சொல்ல வேண்டும். பார்க்கும்போது முந்தைய கணக்கைவிட இது பெரிதாகத் தெரியாது. உண்மையில் இரண்டுக்கும் நடுவே இருப்பது பெரும் பள்ளம்.

40 பேப்பர், 10 வேளை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பேப்பருக்கும் பத்து வாய்ப்பு. மொத்த அட்டவணைகள், ஒன்றுக்குப் பின்னால் 40 சைபர். நொடிக்கு நூறு கோடி அட்டவணைகளைச் சோதிக்கும் இயந்திரத்தை உட்கார வைத்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்கப் பிரபஞ்சத்தின் இதுவரையான வயதைப்போல இருபது லட்சம் கோடி மடங்குக்கும் மேல் காலம் ஆகும். புத்திசாலித்தனமான வழிகளால் இந்தச் சுமையைப் பெருமளவு குறைக்கலாம், கல்லூரிகள் அட்டவணை போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் எவ்வளவு பெரிய கணக்குக்கும் மிகச் சிறந்த விடையை எப்போதும் விரைவாகத் தரும் வழி ஒன்று உண்டா என்பது யாருக்கும் தெரியாது. இல்லை என்று நிரூபித்தவரும் இல்லை. 1971-இல் ஸ்டீபன் குக் இப்படிப்பட்ட கணக்குகளுக்கு அடிப்படையான ஒன்றை அடையாளம் காட்டினார். மறு ஆண்டு ரிச்சர்ட் கார்ப் அந்த இனத்தைச் சேர்ந்த 21 கணக்குகளைப் பட்டியலிட்டார். நம் தேர்வு அட்டவணையின் கணித வடிவம் அதில் ஒன்று. இவற்றில் ஒன்றுக்கு விரைவான வழி கிடைத்தால் எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும். 2000-இல் அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் இந்தக் கேள்விக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. பரிசு இன்னும் அங்கேயே இருக்கிறது. அல்காரிதம்ஸ் பேப்பரின் கடைசி யூனிட்டில், பெரும்பாலும் அவசரமாக முடிக்கப்படும் பகுதியில், இது வருகிறது.

பாடங்கள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்திருக்கின்றன என்பதற்கு வேறொரு சான்று. அகர வரிசையில் அடுக்கிய பட்டியலில் ஒரு பெயரைத் தேட, நடுவில் பார்த்து, வேண்டாத பாதியை விட்டுவிட்டு, மிச்சத்தின் நடுவில் மறுபடி பார்க்கும் முறை முதலாண்டிலேயே வந்துவிடும். இந்தியாவின் 140 கோடிப் பெயர்களையும் அடுக்கி வைத்தாலும் 31 முறை பார்த்தால் போதும், தேடிய பெயர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இவ்வளவு சிறிய நிரலில் என்ன தவறு வந்துவிடும்? ஜாவா மொழியின் நூலகத்தில் இருந்த இதே நிரலில் ஒரு பிழை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் அதை வெளிப்படையாக விளக்கினார். நடுவிடத்தைக் கண்டுபிடிக்க முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார். கணக்கில் குற்றமில்லை. ஆனால் ஜாவாவில் 32 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய முழு எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் விடை மைனஸ் எண்ணாகிவிடும். பட்டியல் நூறு கோடியைத் தாண்டிப் பெரிதாகும் வரை அந்தப் பிழை தலைகாட்டவே இல்லை. அல்காரிதம்ஸ் வகுப்பில் சரியென்று நிரூபித்ததை, கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் வகுப்பில் கற்ற கூட்டல் முறை கவிழ்த்துவிட்டது. இரண்டையும் படித்தவருக்குத்தான் இந்தப் பிழை கண்ணில் படும்.

நான்காம் செமஸ்டரில் வரும் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் தனியாகப் பேசத் தக்கது. பயந்து பயந்து படிக்கும் பேப்பர் அது. இரண்டாம் செமஸ்டர் மாணவரும் பைத்தானில் பத்து வரியில் எழுதக்கூடிய ஒரு நிரலைப் பாருங்கள். 4, 6, 8 என்று இரட்டைப்படை எண்களாக எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுத முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். முடியாத எண் வந்தால் நின்றுவிட வேண்டும். இந்த நிரல் என்றாவது நிற்குமா? கோல்ட்பாக் 1742-இல் எழுப்பிய கேள்வி இது. இன்றுவரை யாருக்கும் விடை தெரியாது.

அப்படியானால், எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஓடி முடியுமா, முடிவில்லாமல் சுற்றுமா என்று தவறாமல் சொல்லும் ஒரு சோதனை நிரலை எழுதிவிட்டால் என்ன? கோல்ட்பாக் கேள்வியும் அதோடு தீர்ந்துவிடுமே. அப்படி ஒன்று இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு இன்னொரு நிரல் எழுதுகிறேன். அதற்குக் குறும்பன் என்று பெயர் வைப்போம். ஏதாவது ஒரு நிரலைக் குறும்பனிடம் கொடுத்தால், “இந்த நிரலுக்கு இதன் வரிகளையே உள்ளீடாகத் தந்தால் ஓடி முடியுமா?” என்று அது சோதனை நிரலைக் கேட்கும். முடியும் என்று பதில் வந்தால், குறும்பன் வேண்டுமென்றே முடிவில்லாமல் சுற்றும். முடியாது என்று வந்தால் உடனே நின்றுவிடும். இப்போது குறும்பனிடம் குறும்பனையே கொடுங்கள். அது நிற்கும் என்று சோதனை நிரல் சொன்னால் அது நிற்காது. நிற்காது என்று சொன்னால் நின்றுவிடும். எது சொன்னாலும் பொய். எனவே அப்படியொரு சோதனை நிரல் இருக்கவே முடியாது. இன்றைக்கு எழுதத் தெரியவில்லை என்பதல்ல விஷயம். எந்த இயந்திரத்திலும், எந்த மொழியிலும், எந்தக் காலத்திலும் எழுத முடியாது.

ஆலன் டியூரிங் இதன் மூல வடிவத்தை 1936-இல், தன் 23-ஆம் வயதில் எழுதி அனுப்பினார். நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்து ஓட்டிய முதல் மின்னணு இயந்திரம் மான்செஸ்டரில் ஓடியது 1948 ஜூனில். இயந்திரம் பிறப்பதற்கு 12 ஆண்டுகள் முன்பே, அதனால் ஒருபோதும் செய்ய முடியாதது எது என்று ஒரு மனிதர் தாளில் எழுதி நிரூபித்திருக்கிறார்! இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. இதை 13 மதிப்பெண் கேள்வியாக மட்டும் பார்த்துக் கடந்துபோகும் மாணவரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதித் தரும் இந்தக் காலத்திலும் அந்த எல்லை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. செயற்கை நுண்ணறிவும் கணினியில் ஓடும் நிரல்தான்.

அடுத்த செமஸ்டரில் கம்பைலர். மனிதருக்குப் புரியும் வரிகளை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் இந்த மென்பொருளை, ஜான் பேக்கஸின் குழு ஃபோர்ட்ரான் மொழிக்காக ஐ.பி.எம்.மில் 1957-இல் முடித்தபோது அதற்குச் செலவான உழைப்பு, ஒருவரே செய்திருந்தால் 18 ஆண்டுகள். இன்று ஒரு மாணவர் ஒரே செமஸ்டர் லேபில், லெக்ஸ், யாக் என்ற இரண்டு கருவிகளைக் கொண்டு, ஒரு சிறிய மொழிக்கான கம்பைலரை எழுதி ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறார். இந்தக் கருவிகளைச் சாத்தியமாக்கியவை ஆட்டோமேட்டாவும் இலக்கண விதிகளும். முந்தைய செமஸ்டரில் வெறும் தியரி என்று தள்ளிவைத்த அதே பாடங்கள். (லெக்ஸை எழுதிய இருவரில் ஒருவர், பின்னாளில் கூகுளின் தலைமைப் பொறுப்புக்கு வந்த எரிக் ஷ்மிட்.)

கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அமெரிக்காவில் முதல் தனித் துறை பர்டூ பல்கலைக்கழகத்தில் 1962-இல் தொடங்கியது. இளநிலைப் பட்டத்துக்கு என்னென்ன கற்பிக்க வேண்டும் என்று ஏ.சி.எம். என்ற கணினியாளர் சங்கம் 1968-இல் ஒரு விரிவான பரிந்துரையை வெளியிட்டது. டிஸ்க்ரீட் மேத்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், கம்பைலர் மூன்றும் அதில் இருக்கின்றன. அன்று வழக்கில் இருந்த ஆல்கால் மொழி போய்விட்டது. துளையிட்ட அட்டைகள் போய்விட்டன. இந்தப் பாடங்கள் போகவில்லை. இந்த ஆண்டு வேலை வாங்கித் தரும் மென்பொருளை மூன்று மாதத்தில் யூடியூப் பார்த்தே கற்கலாம், அதைக் கட்டாயமாக்கத் தேவையில்லை. காலாவதியாகாததும், தானாகத் தேடிப் போய்ப் படிக்கத் தோன்றாததும் எதுவோ, அதற்குத்தான் பாடத்திட்டம் கட்டாயம் என்ற முத்திரை குத்துகிறது. அது சரியான முடிவு.

முடிவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, நடத்துகிறவரும் வேண்டும். குறும்பன் கதையைப் பலகையில் பதினைந்து நிமிடத்தில் விளக்கத் தெரிந்த ஓர் ஆசிரியர், ஒரு வகுப்பின் பாதிப் பேரையாவது நிமிர்ந்து உட்கார வைத்துவிடுவார். போன வருடத்துக் கேள்வித்தாளைப் படித்துக்காட்டும் ஆசிரியரிடம் மாட்டினால் அதே யூனிட் அரியராக முடியும். ஆகவே கவுன்சலிங்குக்குத் தயாராகும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பிளேஸ்மென்ட் விவரத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனை யார் நடத்துகிறார், எத்தனை ஆண்டுகளாக நடத்துகிறார் என்று அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரிடமாவது கேட்டுவிட்டு விருப்பப் பட்டியலை நிரப்புங்கள்.