'பிலாட்டீஸ்' யாருக்குச் சொந்தம்? நோஞ்சான் பையனின் உடற்பயிற்சி உலக பிசினஸ் ஆன கதை

சென்னையில் ஜிம் வாசல்களில் யோகா, ஜும்பா என்ற வரிசையில் இப்போது 'பிலாட்டீஸ்' போர்டும் சேர்ந்துவிட்டது. ஏதோ ஒரு பயிற்சியின் வெளிநாட்டுப் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். அந்தப் பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதற்காக கோர்ட் வரை போய் சண்டை நடந்திருக்கிறது.

யார் இந்த பிலாட்டீஸ்?

ஜோசப் பிலாட்டீஸ் 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ் என ஒன்று மாற்றி ஒன்று வந்து படுத்தியது. உடம்பைத் தேற்ற ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை எனக் கிடைத்ததை எல்லாம் கற்றுக்கொண்டு, தனக்கென்று ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்.

முதல் உலகப் போர் தொடங்கியபோது இங்கிலாந்தில் இருந்தார். ஜெர்மன்காரர் என்பதால் 'எதிரி நாட்டவர்' முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே சக கைதிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்காகக் கட்டிலில் ஸ்பிரிங் மாட்டி, படுத்தபடியே பயிற்சி செய்ய வைத்தார் என்று சொல்வார்கள். இன்றைய ஸ்டுடியோக்களில் உள்ள 'ரிஃபார்மர்' கருவியும் ஸ்பிரிங் விசையில்தான் இயங்குகிறது.

பிசினஸ் ஆனது எப்படி?

1926-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தவர், துணைவி கிளாராவுடன் எட்டாவது அவென்யூவில் ஸ்டுடியோ திறந்தார். அடிபட்ட நடனக் கலைஞர்கள் தேடி வந்தார்கள். தான் வடிவமைத்த கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1945-ல் புத்தகமும் போட்டார். ஆனால், பயிற்சிக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. அவர் பெயரே பயிற்சியின் பெயராக நிலைத்தது பிறகுதான். 1967-ல் அவர் இறந்த பின், அவரிடம் கற்றவர்கள் ஆளுக்கொரு ஊரில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள்.

வழக்கு எதற்கு?

பின்னாளில் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 'பிலாட்டீஸ்' என்ற டிரேட்மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றது. பல வருடம் கற்று, சொல்லிக்கொடுத்து வந்த பயிற்சியாளர்கள், தாங்கள் நடத்துவது என்ன வகுப்பு என்றே வெளியில் சொல்ல முடியாமல் தவித்தார்கள். பயிற்சிக் கருவிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2000 அக்டோபரில் மன்ஹாட்டன் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: பிலாட்டீஸ் என்பது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர், யாருடைய முத்திரையும் அல்ல. டிரேட்மார்க் பதிவும் ரத்தானது. அதன் பிறகு ஸ்டுடியோக்கள் பயமில்லாமல் போர்டு மாட்டின.

நம்ம யோகாவுக்கும் இப்படி நடந்ததா?

நடந்தது. கொல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போன பிக்ரம் சவுத்ரி, 26 ஆசனங்களையும் 2 மூச்சுப் பயிற்சிகளையும் வரிசைப்படுத்தி, சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் 90 நிமிட வகுப்பாக விற்றார். அந்த வரிசைக்கே பதிப்புரிமை உண்டு என்று வாதாடினார். 2015-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆசனங்களை விளக்கும் புத்தகத்துக்குப் பதிப்புரிமை உண்டு. ஆனால், அந்த வரிசையில் ஆசனம் செய்வதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்றது.

அப்படின்னா எதைத்தான் விற்க முடியும்?

சொந்த பிராண்டின் பெயர், லோகோ, வீடியோ, புத்தகம், புதிதாகக் கண்டுபிடித்த கருவி ஆகியவற்றைப் பாதுகாத்துக்கொள்ளலாம். கை காலை எப்படி அசைப்பது என்பதைப் பூட்டி வைக்க முடியாது. ஆகவே இந்தத் தொழிலில் ஒரு ஸ்டுடியோவை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பயிற்சியாளரின் தரம்தான்.

இதில் வாடிக்கையாளர் கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. பெயர் எல்லோருக்கும் பொது என்பதால், போர்டை மட்டும் பார்த்துத் தரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஃபீஸ் கட்டும் முன், பயிற்சியாளர் எங்கே, எவ்வளவு காலம் கற்றார் என்று கேளுங்கள். முதுகுவலி, அறுவை சிகிச்சை, கர்ப்பம் என எது இருந்தாலும் முதலில் டாக்டரிடமும், பிறகு பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுங்கள்.